எண்பத்திரண்டு கிராம்

டிசம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுதிய கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோடாரியின் எடை 1,562 கிராம் என்று அதில் இருந்தது. இன்று நிறுத்தால் 1,480. ஞாயிறன்று நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து, புதுக் கார்டில் 1,480 என்று எழுதினேன். பழைய எண்ணை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்க வேண்டும். கிழித்திருக்கக் கூடாது.

என் டைரியில் அந்த நாளின் பதிவு இப்படித்தான் தொடங்குகிறது. இதை எழுதும்போது அந்த டைரி பக்கத்தில் திறந்தே இருக்கிறது. கீழே வரும் நேரம், எடை, அளவு எல்லாம் அன்றன்றைக்கு நான் எழுதி வைத்தவை. ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. என் கண்ணை நான் அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. அதனால்தான் எதையும் எழுதி வைக்கிற பழக்கம் வந்தது.

என் பெயர் சாதனா. வங்காளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பகலில் கிடர்பூரில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. புதன், வெள்ளி, சனி மாலைகளில் டாக்குரியாவில் ஒரு வகுப்பு. பழைய பொருள்களை அளந்து, எடை பார்த்து, எங்கே செய்தது, எந்தக் காலத்தது என்று கார்டு எழுதக் கற்றுத் தருகிறார்கள். ஆறு மாதப் படிப்பு. கடைசியில் ஒரு பொருளுக்கு முழுக் கார்டு எழுதிக் கொடுத்தால் சான்றிதழ். என் முந்தைய இரண்டு கார்டும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் அவ்வளவுதான்.

மூன்றாவதுக்குக் கிடைத்ததுதான் இந்தக் கோடாரி.

லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியில் ஜலஜா மாமி இருக்கிறார். அவர் கணவர் சுந்தரேசன் மாமா துறைமுகத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியாக இருந்தவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமி தனியாக இருக்கிறார். மாதக் கடைசியில் கோயம்புத்தூருக்கு, மகள் வித்யாலக்ஷ்மி வீட்டுக்கே போய்விடப் போகிறார். ஹாலில் மாட்டியிருந்த கோடாரியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இதைத் தூக்கிண்டு நான் ரயில்ல ஏறினா என்னைப் பிடிச்சுண்டு போயிடுவா. என்ன ஏதுன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுடி. மியூசியத்துல யாராவது வாங்கிப்பாளான்னு பார்க்கலாம்" என்றார்.

ஞாயிறு மாலை 5.40க்கு முதல் தடவை அதைக் கையில் எடுத்தேன். பாதி நிலாவைப் போல வளைந்த அலகு. மரப்பிடி இல்லை. பிடி முழுவதும் இரும்புக் குழாய், அடியில் ஒரு குமிழ். மொத்த நீளம் 71.5 சென்டிமீட்டர். இந்த வகைப் போர்க்கோடாரிக்குத் தபர் என்று பெயர். அலகில் தங்கப் பூக்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது இரும்பைக் குறுக்கும் நெடுக்கும் கீறி, கீறல்மேல் தங்கக் கம்பியை அடித்துப் பதித்திருப்பது தெரிந்தது. லாகூர், சியால்கோட் பக்கத்து வேலை. பூக்களின் அமைப்பைப் பார்த்தால் நூற்றைம்பது, நூற்றெழுபது வருடம் சொல்லலாம்.

ஒன்றுதான் உறுத்தியது.

விளிம்போரமாக ஓடிய பூவரிசையில் பூக்கள் பாதிப் பாதியாக இருந்தன. தேய்ந்து போகவில்லை. சாணை பிடித்ததில் போயிருந்தன. அதாவது தங்க வேலை செய்த பிறகும் அதைப் பலமுறை கூர் தீட்டியிருக்கிறார்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்கிற பொருளை யார் இத்தனை தடவை சாணை பிடிப்பார்கள்?

எடை 1,562 என்று எழுதிவிட்டு வந்தேன்.

செவ்வாய் மாலை, முன்பு சொன்னபடி, 1,480. தராசு என்னுடையது, மேஜைமேல் வைக்கிற டிஜிட்டல் தராசு. மாமியிடம் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் வாங்கி வைத்துப் பார்த்தேன். 1,004. பாக்கெட் உறையையும் சேர்த்தால் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் தப்பு என்னுடையது. கார்டைக் கிழித்தேன்.

மாமி அப்போது ஹால் திரையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எலி வந்துடுத்து பாரு. வீட்டைக் காலி பண்றது அதுக்கும் தெரிஞ்சுடுத்து போல" என்றார்.

திரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். ஒரு விரல் அகலம். நேராக இருந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

எலி கடித்தால் அப்படி இருக்காது என்று தோன்றியது. சொல்லவில்லை. எனக்கு எலியைப் பற்றி என்ன தெரியும்?

புதன்கிழமை வகுப்பில் எடை விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்குச் சொல்லித் தருகிற ரஞ்சன்-தாவுக்கு (தா என்றால் அண்ணன்) முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். எதையும் கிண்டலாகத்தான் சொல்வார்.

"சர்க்கரையை வைத்தா சோதித்தாய்? உன் தராசுக்கு நீரிழிவு வந்திருக்கும்" என்று வங்க மொழியில் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் உட்காருகிற ஸ்னேகாவும் சிரித்தாள். பிறகு அவரே கேட்டார். "அடிக் குமிழைத் திறந்து பார்த்தாயா?"

"திருகிப் பார்த்தேன். நகரவில்லை. ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்."

"எந்தப் பக்கம் திருகினாய்?"

"எல்லா மூடியையும் திருகுகிற பக்கம்தான்."

"சிலதுக்கு எதிர்மரை இருக்கும். நீ திறப்பதாக நினைத்து இறுக்கியிருப்பாய். இந்த மாதிரிக் குழாய்ப் பிடிக்குள் ஒரு மெல்லிய கத்தியை ஒளித்து வைப்பார்கள். கோடாரி கையைவிட்டுப் போனால், கடைசிக்கு அது."

அந்தக் கத்தி எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டேன்.

"எழுபது, எண்பது கிராம் இருக்கலாம். ஏன்?"

நான் 1,562இலிருந்து 1,480ஐக் கழித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன். மாலை 6.35க்கு மாமி வீட்டு மணியை அடித்தேன். மாமி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். முகம் வாடியிருந்தது.

"ஜுரம்டி. நீ பாட்டுக்கு ஒன் வேலையைப் பாரு. நான் சித்தே படுத்துக்கறேன். போறச்சே கதவை இழுத்துச் சாத்திண்டு போ."

"மாத்திரை போட்டுண்டேளா மாமி?"

"ஆச்சு ஆச்சு. இந்த எலியைப் பிடிச்சுக் குடுத்தா இன்னும் நன்னாயிருக்கும். நேத்திக்கு கொசுவலையைக் கடிச்சு வெச்சிருக்கு."

படுக்கையறையில் நீல நிறக் கொசுவலை கட்டியிருந்தது. கால்மாட்டுப் பக்கம் வெள்ளை நூலால் தைத்திருந்தார். தையலின் நீளம் ஒரு விரல் அகலம்.

செவ்வாய்க்கிழமை ஹால் திரை. நேற்று கொசுவலையின் கால்மாடு.

மாமி வலைக்குள் போய்ப் படுத்தார். நான் ஹாலுக்கு வந்தேன்.

6.42. கோடாரியைத் தராசில் வைத்தேன். 1,562.

சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதுதான் சரி. கார்டில் எழுதினேன். 1,480ஐ ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ரஞ்சன்-தாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அங்கேதான் சிக்னல் வரும். அவர் எடுக்கவில்லை. பஜ்பஜ் லோக்கல் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது.

6.51. உள்ளே வந்தேன்.

கோடாரி தராசின் மேல் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அசையவில்லை. தராசின் சின்னத் திரையில் எண் எரிந்துகொண்டிருந்தது.

1,480.

தட்டை அழுத்திப் பார்த்தேன். எடுத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வைத்தேன்.

1,480.

அப்போதுதான் வாசனையைக் கவனித்தேன். கடுகெண்ணெய். பக்கத்து வீடுகளில் எல்லாம் அதில்தான் சமைப்பார்கள். ஆனால் மாமி வீட்டுக்குள் அந்த எண்ணெய் வந்ததே இல்லை. பால்கனிக் கதவையும் நான் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கோடாரியைத் தலைகீழாகப் பிடித்து, குமிழைக் கைக்குட்டையால் பற்றினேன். கடிகாரம் சுற்றுகிற திசையில் திருகினேன். முதலில் நகரவில்லை. பிறகு "கிரீச்" என்றது. செந்துருவும் கட்டிப்போன பழைய மசகும் பொடியாக உதிர்ந்தன. பல வருடமாக யாரும் திறக்காத மரை. அது நிச்சயம்.

ஏழு சுற்று. குமிழ் கையோடு வந்தது.

உள்ளே டார்ச் அடித்தேன். ஒரு மெல்லிய தகட்டுக்கான இடம். காலி.

விரலை விட்டுப் பார்த்தேன்.

விரல் ஈரமாக வந்தது. கடுகெண்ணெய். புதிது.

6.56.

படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம்.

"ஸ்ஸ்... ர்க்."

துணி கிழிகிற சத்தம் இல்லை. கத்தரிக்கோல் ஓடுகிற சத்தமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்.

"மாமி?"

 குறட்டை மட்டும் மெதுவாகக் கேட்டது.

கோடாரியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. ஒரு கையில் குமிழும் மறு கையில் முனை திறந்த கோடாரியுமாக அறை வாசலுக்குப் போனேன். பூஜை விளக்கின் வெளிச்சம் அறைக்குள் விழுந்திருந்தது. மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

கொசுவலை ஆடிக்கொண்டிருந்தது.

கால்மாட்டுத் தையலுக்கு மேலே ஒரு புது ஓட்டை. அதற்கு மேலே, இடுப்பளவில், இன்னொன்று.

பிறகு தலைமாட்டில்...

வலை உள்பக்கமாகக் குழிந்தது. வெளியிலிருந்து யாரோ ஒரு விரலை வைத்து அழுத்துவதுபோல. மெதுவாக. மாமியின் கழுத்துக்கு நேராக.

வெளிப்பக்கம் யாரும் இல்லை.

கத்த வேண்டும் என்று நினைத்தேன்.  

நான் தைரியசாலி இல்லை. அப்போது செய்ததை ஏன் செய்தேன் என்று இப்போதும் தெரியாது. காலியான இடம் நிரம்ப வேண்டும். அது மட்டும்தான் மனசில் ஓடியது. பிடியின் திறந்த முனையைக் கட்டிலைப் பார்த்து நீட்டினேன்.

"இங்கே" என்றேன்.

குழி நின்றது.

வலை மெல்ல நிமிர்ந்து நேரானது.

கடுகெண்ணெய் வாசனை நகர்ந்தது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு... கதவுப் பக்கமாக... என் பக்கமாக.

இடது விலாவில் சில்லென்று ஏதோ தொட்டது.

ஒரு நொடி.

பிறகு கை கனத்தது.

கொஞ்சம்தான். எண்பத்திரண்டு கிராம் எவ்வளவு கனக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

"டக்."

குமிழை வைத்து மூடினேன். இரண்டு தடவை மரை ஏறவில்லை. மூன்றாவது தடவை ஏறியது. ஏழு சுற்று இறுக்கினேன்.

7.02.

"என்னடி இது?" மாமி எழுந்து உட்கார்ந்திருந்தார். "கோடாரியும் கையுமா நிக்கறே? ஜுரக்காரியை வெட்டப் போறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டைகளைப் பார்த்தார். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எலி என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

"நிறுத்துப் பார்த்தியோ?" என்று கேட்டார்.

"பார்த்தேன் மாமி. ரெண்டு எடை வர்றது."

மாமி வலையைக் கீழே விட்டார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு நீலக் கயிறு கட்டிய நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"அவரோடது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்னிக்கு இதைத் துடைச்சு, நிறுத்து, எழுதி வெப்பார். கஸ்டம்ஸ் புத்தி, போகவே இல்லை. எனக்கு இதெல்லாம் புரியாது. நீ பாரு."

முதல் பக்கத்தில் 1998. யாரும் கேட்டு வராத ஒரு பெட்டியில் வந்தது, ஏலத்தில் எடுத்தது என்று இருந்தது. "குமிழ் திறக்காது. பிடி கெட்டி இரும்பு" என்று எழுதியிருந்தார். அவரும் என்னைப் போலவே தப்பான பக்கம் திருகியிருக்கிறார். பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரே எண். 1,562. 1,562. 1,562. இருபத்தைந்து வருடம்.

2023 நவம்பரிலிருந்து பக்கம் மாறியது. தினமும் மாலையில் நிறுத்திருக்கிறார். ஒரு நாள் 1,480. அதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்து, பக்கத்தில் "என் தவறு". மறுநாள் 1,562. இரண்டு நாள் கழித்து மறுபடி 1,480. ஒற்றைக் கோடு. "என் தவறு". கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

பக்கம் பக்கமாக அதேதான். அவர் ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

கடைசி வரி: 11.12.2023, மாலை 6.50. எடை 1,480. அதன் மேல் ஒற்றைக் கோடு. கையெழுத்து இல்லை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

தேதியைத் திரும்பப் படித்தேன்.

"ஏழு மணிக்குக் காபி கொண்டு போனேன்" என்றார் மாமி. "நாற்காலில சாஞ்சுண்டிருந்தார். பேனா கையிலயே இருந்தது. டாக்டர் வந்து ஹார்ட்னு சொல்லிட்டார். ஒடம்புல ஒரு கீறல் இல்லை. பனியனை அவுக்கறச்சேதான் பார்த்தேன். இடது பக்கம் ஒரு சின்ன ஓட்டை. ரத்தம் ஒரு சொட்டு இல்லை."

மாமி தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பழைய பனியன்னு நினைச்சேன். அன்னிக்குக் காலம்பறதான் புதுசா பிரிச்சுக் குடுத்தேன்கறது அப்புறம்தான் ஞாபகம் வந்தது."

அன்று மாமியை எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்து அம்மாவோடு படுக்க வைத்தேன். கோடாரியைப் பழைய போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, கீழே நிறுத்தியிருந்த அப்பாவின் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் 12, வெள்ளி. அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். நடந்ததை ரஞ்சன்-தாவிடம் சொல்லவில்லை. மூன்றாவது கார்டும் திரும்பி வரும் என்று பயம். "எடையை நீங்கள் ஒரு தடவை பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். 5.45க்கு வகுப்பின் தராசில் அவரே வைத்தார். 1,562. கடிகாரத் திசையில் குமிழைத் திருகினார். கையுறை போட்டுக்கொண்டு இழுத்தார்.

கத்தி வந்தது.

நேரான, ஒரு விரல் அகலக் கத்தி. துருவே இல்லை. எண்ணெயில் பளபளத்தது. தனியாக நிறுத்தார். எண்பத்திரண்டு கிராம்.

"அற்புதம்!" என்றார். "அலகு பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி, தங்க வேலை அதற்குப் பிறகு என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இந்தக் கார்டு தேறிவிட்டது. எண்ணெய் பூசியது யார், நீயா?"



அவர் பூதக்கண்ணாடியை நுனிக்கு நேராகக் கொண்டுபோனார். "இதென்ன, நூல்?"

ஒரு சின்ன நூல் இழை நுனியில் ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். கொசுவலை நூலாக இருக்கும் என்று நினைத்தேன். கொசுவலை நீலம். தைத்த நூல் வெள்ளை.

இது சாம்பல் நிறம். கம்பளி.

ஸ்னேகா என் பக்கம் திரும்பி என் இடது விலாவைப் பார்த்தாள்.

"சாதனா, உன் ஸ்வெட்டர் எங்கே கிழிந்தது?"

குனிந்து பார்த்தேன். நேற்று மாமி வீட்டில் போட்டிருந்த அதே ஸ்வெட்டர், அதே குர்த்தா. ஒரு விரல் அகலம். நேராக இருந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. கையை உள்ளே விட்டேன். அடியில் இருந்த குர்த்தாவிலும் அதே இடத்தில், அதே அளவில்.

தோலில் ஒன்றும் இல்லை.

கத்தியை உள்ளே வைத்துக் குமிழை மூடி, வகுப்பின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ரஞ்சன்-தாவிடம்.

வீட்டுக்கு வந்து டைரியில் எழுதியது இது:

நாளை, சனி. ஸ்வெட்டரைத் தைக்கக் கூடாது. உறையில் போட்டு எண் எழுத வேண்டும். கார்டில் கோடு போட்டு அடித்த 1,480ஐத் திரும்ப எழுத வேண்டும், தேதியும் நேரமும் போட்டு. 1,562ஐயும் அடிக்கக் கூடாது. மாலை 5.30க்கு, எல்லோரும் வந்து உட்காருவதற்கு முன்னால், அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கோடாரியை எடை பார்க்க வேண்டும்.